கண்காட்சிக் கோட்டு

எங்கள் வீட்டில் அந்தக் கோட்டுக்குப் பெயர் கண்காட்சிக் கோட்டு. வேறு எந்தக் காரியத்துக்கும் என் வீட்டுக்காரர் அதைப் போட்டதில்லை. சொந்தக்காரர் கல்யாணம் என்றால் வெறும் சட்டையோடு வந்து நிற்பார். கோட்டு எங்கே என்று கேட்டால், "அது சித்திரத்துக்கு" என்பார். சித்திரம் என் நாத்தனார். சின்ன வயதில் சுவர் முழுக்கக் கிறுக்கி அடி வாங்கிய நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிற்பாடு உண்மையாகவே ஓவியக்காரி ஆனாள். அதற்கும் பிற்பாடு படம் வரைவதை விட்டுவிட்டு மணல் கொட்டுவது, கயிறு தொங்கவிடுவது, காலி அறையில் மின்விசிறியைச் சுழலவிடுவது என்று முன்னேறிவிட்டாள். அவளுடைய முதல் கண்காட்சிக்காக அவர் தைத்துக்கொண்ட கோட்டு அது. சாம்பல் நிறம். தைத்தது வேறு கடை. அப்புறம் அதில் ஊசி வைத்ததெல்லாம் நான்தான்.

என் தொழிலே அதுதான். நான் புதுத் துணி தைப்பதில்லை. தொளதொளத்த இடுப்பைப் பிடிப்பது, காலைக் குறைப்பது, ஜிப்பு மாற்றுவது, பத்தாமல் போனதைப் பிரித்து விடுவது. நகல் எடுக்கும் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒரு ரயில் பெட்டி அகலத்துக்கு என் கடை இருக்கிறது. ஒரு தையல் மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, கொடுக்க வேண்டிய துணிகளை மாட்டிவைக்க ஒரு கம்பி. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவர். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்தவருக்குத் தங்கச்சி செய்வது மட்டும் எப்போதும் அழகாகத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் கண்காட்சி பார்க்கக் கிளம்பியாக வேண்டும். சித்திரத்தினுடையது நடந்தாலும் நடக்காவிட்டாலும் சரி. "மத்தவங்க என்ன பண்றாங்கன்னு பாத்தாத்தானே நம்ம பொண்ணு எங்க நிக்கிறான்னு தெரியும்" என்பார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் தெருவில் பழைய கிடங்குகளுக்கு வெள்ளையடித்துக் காட்சிக்கூடங்கள் ஆக்கியிருந்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி. வெள்ளைச் சுவர், சிமென்ட் தரை, மூலையில் நாற்காலி போட்ட ஒரு காவலாளி, யாராவது வாய்விட்டுப் பேசினால் திரும்பிப் பார்க்கிற கூட்டம். ஆஸ்பத்திரியில் காத்திருந்து அலுத்தவர்களும் ஏசிக்காக உள்ளே வந்து, உட்கார இடம் இருக்கிறதா என்று தேடுவார்கள்.

ஒரு கூடத்தில் ஒரு பெண் வீட்டைப் பெருக்குவதை வீடியோ எடுத்து ஒரு மணி நேரம் ஓட்டினார்கள். ஜனம் கைகட்டி நின்று பார்த்தது. "நம்ம வீட்டுக்கு வரச் சொல்லுங்க, தினமும் காட்டறேன்" என்றேன். அவர், "சத்தம் போடாத, அந்த நீலச் சட்டைக்காரரப் பாரு, கண்ணாடி பவர் மாறியிருக்கு, ஒண்ணும் தெரியாமத்தான் தலையாட்டிட்டு நிக்கிறாரு" என்று காதோடு சொன்னார். படத்தைப் பார்க்கிற நேரத்தை விட மூக்குக்கண்ணாடிகளைப் பார்க்கிற நேரம்தான் அவருக்கு அதிகம்.

சித்திரத்தின் கண்காட்சி என்றால் எங்களுக்கு உத்தியோகமே உண்டு. முன்பின் தெரியாதவர்கள் மாதிரி தனித்தனியாக உள்ளே போக வேண்டும். கூட்டத்துக்கு நடுவில் நின்று அவர், "அடடா, என்னமா யோசிச்சிருக்காங்க!" என்பார். நான் எதிர்ச் சுவர்ப் பக்கத்திலிருந்து, "ஆமாங்க, மனச என்னமோ பண்ணுது" என்க வேண்டும். வசனம் அவர் சொல்லிக்கொடுத்தது. ஒரு தடவை வாய் தவறி, "ஆமாங்க, வயித்த என்னமோ பண்ணுது" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் கோட்டுக் கையை வாயில் வைத்துக்கொண்டு, இருமுகிறவர் மாதிரி வெளியே ஓடினார். தெருவில் போய் நின்று சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். நானும் பின்னாலேயே போய், தெரியாத ஆளின் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அந்த முதுகுதான் முதலில் இளைத்தது. ஆளைத் தின்கிற நோய்; பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. வைத்தியமும் அந்த எதிர் ஆஸ்பத்திரியில்தான். ஊசி போட்ட நாட்களில் உடனே வீட்டுக்குப் போக மாட்டேன் என்பார். "ரோட்டத் தாண்டினா கண்காட்சி. ரெண்டு நிமிஷம் பாத்துட்டுப் போலாம்." அந்த ரெண்டு நிமிஷத்துக்காகக் காலையிலேயே கோட்டைப் போட்டுக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவார். தோளிலிருந்து அது தொங்க ஆரம்பித்தது.

பிடித்துக் கொடுத்தேன். கோட்டு பிடிக்கும்போது அதிகப்படித் துணியை வெட்டி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தடித்துக்கொண்டு, போட்ட ஆளைக் குத்தும். நான் வெட்டவில்லை. லைனிங்கைப் பிரித்து, துணியை உள்ளே மடித்து வைத்து மேலே தையல் ஓட்டினேன். போட்டுப் பார்த்தவர் விலாவைத் தடவிக்கொண்டே, "என்ன இது, இங்க தடிப்பா இருக்கே?" என்றார்.

"வெட்டல. உள்ள மடிச்சு வச்சிருக்கேன். தேறினா பிரிச்சு விட்டுக்கலாம்."

"தொழில்ல ஏமாத்தறியே" என்று சிரித்தார்.

மறுபடியும் இளைத்தார். அந்த மடிப்புக்கு மேல் இன்னொரு மடிப்பு வைத்தேன். அப்போதும் வெட்டவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது மெலிந்த ஒருவரின் கோட்டு. உள்ளே அவருடைய பழைய உடம்பு முழுசாக இருந்தது. எனக்கு மட்டும் தெரிந்த இடத்தில் அவர் பத்திரமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அதை நினைத்துத்தான் காலையில் எழுந்து வேலைக்குப் போனேன். கடைசியாக நடந்த சித்திரத்தின் கண்காட்சிக்கு அந்தக் கோட்டோடு வந்து, காவலாளியின் நாற்காலியை வாங்கிப் போட்டு உட்கார்ந்து, உள்ள மூச்சையெல்லாம் சேர்த்து "அடடா" என்றார். என்னால் என் வசனத்தைச் சொல்ல முடியவில்லை. அடுத்த கண்காட்சிக்கு அவர் இல்லை.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, ஒருநாள் கடைக்கு சித்திரம் போன் செய்தாள். "அண்ணி, அண்ணன் சாமானெல்லாம் கொஞ்சம் எடுத்துட்டுப் போகட்டுமா? உங்க கண்ணு முன்னாடி கெடந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்."

"எடுத்துட்டுப் போ" என்றேன். கையில் யாருடையதோ கல்யாண உடுப்பு, வாயில் குண்டூசி. சொந்தத் தங்கச்சி, அவளுக்கும் அண்ணன் வாசனை வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அலமாரி காலி, செருப்பு வைக்கிற இடம் காலி, கதவுக்குப் பின்னால் கோட்டு மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது. கோட்டையும் சேர்த்து எடுப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சரி, அவளிடம்தானே இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது, கேட்டால் கொடுத்துவிடுவாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அழுவேன். அவள் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை.

பிறகு அவளுடைய புதுக் கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. தொடங்குகிற அன்றைக்குப் போகவில்லை. "அடடா" சொல்ல ஆள் இல்லாத இடத்தில் நான் மட்டும் போய் என்ன செய்வது? மறுநாள் மனசு கேட்காமல் போனேன். வாசலில் வழக்கத்துக்கு மாறாக வரிசை நின்றது. வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஏதோ இருந்தது. ஒரு பெண் பச்சைக் கட்டம் போட்ட சட்டை ஒன்றைக் கையில் போட்டுக்கொண்டு வந்தாள். அந்தச் சட்டையின் காலரைத் திருப்பித் தைத்தவள் நான்.

உள்ளே பெரிய அறை. நடுவில் குவியல். அவருடைய சட்டைகள், கால்சட்டைகள், பெல்ட், குடை, சவரக் கத்தி, குளிருக்குப் போடும் தொப்பி, மூக்குக்கண்ணாடிக் கூடு, ஒரு காலில் மட்டும் குதி தேய்ந்த செருப்பு. எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில்: "ஒரு மனிதர். எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்று." வேறு ஒரு விவரமும் கிடையாது. ஜனம் குனிந்து கிளறிக்கொண்டிருந்தது. ஒருவர் அவருடைய ஸ்வெட்டரைத் தன் மார்பில் வைத்து அளவு பார்த்தார். பக்கத்திலிருந்தவள், "கை நீளம்பா உனக்கு" என்றாள்.

சித்திரம் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். கையைப் பிடிக்க வந்தவளைத் தட்டிவிட்டேன்.

"என்னடி இது?"

"அண்ணி, உங்ககிட்ட கேட்டுத்தானே எடுத்தேன்? நீங்கதானே எடுத்துக்கோன்னீங்க?"

"எடுத்துட்டுப் போன்னேன். எடுத்துக்கோன்னா சொன்னேன்? ரெண்டும் ஒண்ணா?"

அவள் விழித்தாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்திருக்கும். ஒருவர் போனை உயர்த்திப் படம் எடுத்தார். சித்திரம் என்னைச் சுவரோரம் இழுத்துப் போய்த் தணிந்த குரலில் சொன்னாள்.

"அண்ணி, அண்ணன ஒரு மூட்டையா கட்டி என் ரூம்ல வச்சிருந்தேன். அந்த ரூமுக்குள்ள போக முடியல. இப்படிக் குடுத்தா, நூறு பேர் போட்டுட்டு நடப்பாங்க. ஊருக்குள்ள எங்கயாவது, பஸ்லயோ ரோட்லயோ, அண்ணன் சட்டை என் கண்ணுல படும். அது போதும்னு நெனச்சேன்."

"உனக்குக் கண்ணுல பட்டாப் போதும். எனக்குக் கையில இருக்கணும்."

அவள் அழுதுவிட்டாள். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க அண்ணி. இப்பவே கதவ மூடிடறேன்" என்றாள். நடிப்பில்லை, நிஜமாகவே சொன்னாள். அதுதான் அவளிடம் கஷ்டம்; கோபப்படக்கூட முழுசாக விட மாட்டாள். நான் குவியலுக்குப் போய் மண்டியிட்டு இரண்டு கையாலும் தேடினேன். அடிவரைக்கும் தேடினேன். கோட்டு இல்லை.

மூலையில் உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து வந்தார். அவருக்கு என்னைத் தெரியும். அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு நாற்காலி கொடுத்தவர் அவர்தான். "சாம்பல் கோட்டாம்மா? அது நேத்து தொடங்கினதுமே போயிடுச்சே. ஒரு அம்மா எடுத்துட்டுப் போனாங்க."

"யாரு? எந்தப் பக்கம் போனாங்க?"

"அது எப்படிம்மா தெரியும்? பேரு ஊரெல்லாம் கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

மற்றதெல்லாம் இருந்தால் என்ன, போனால் என்ன. எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு வெறுங்கையோடு வந்துவிட்டேன். ஆளுக்கு ஒன்று என்று வரிசையில் நின்று என் புருஷனை வாங்கிக்கொள்ள என்னால் முடியாது.

இரண்டு நாள் மெஷினில் உட்கார்ந்து வெறுமனே காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பளிச்சென்று ஒன்று தோன்றியது. அந்தக் கோட்டு யாருக்கும் பத்தாது. கடைசி அளவுக்குப் பிடித்தது. நீளத்தைப் பார்த்தால் பெரிய ஆள் கோட்டு, போட்டுப் பார்த்தால் பொத்தான் சேராது. எடுத்துப் போனவள் புருஷனுக்கோ மகனுக்கோ போட்டுப் பார்த்திருப்பாள். நல்ல துணி, தூக்கிப் போட மனசு வராது. பிரித்து விட முடியுமா என்று எங்காவது கொண்டுபோய்க் கேட்பாள். அந்த எங்காவது என் கடையாக இருக்க வேண்டும்.

என் கடைச் சீட்டுகளை ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போய்க் காவலாளி பக்கத்தில் வைத்தேன். "எடுத்த துணி அளவு சரியில்லன்னா இங்க கொண்டு வரச் சொல்லுங்க. காசு வேண்டாம்னு சொல்லுங்க." சித்திரம் அதைப் பார்த்துவிட்டுப் பூரித்துப்போனாள். "அண்ணி, உங்களையறியாம நீங்க இதுக்குள்ள வந்துட்டீங்க. இதுவும் இந்தப் படைப்புல ஒரு பகுதிதான்" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். சுவரிலேயே என் கடை விலாசத்தை எழுதியும் போட்டாள். எழுதட்டும். எலிப்பொறியை எந்தச் சுவரில் மாட்டினால் எனக்கென்ன?

வந்தார்கள். நான் நினைத்ததை விட அதிகம் பேர் வந்தார்கள். பச்சைக் கட்டச் சட்டைக்காரி வந்து, தனக்குத் தோளைக் குறைக்கச் சொன்னாள். ஒரு கல்லூரிப் பையன் கால்சட்டையைக் கொண்டுவந்து அரைக்கால் ஆக்கச் சொன்னான். ஒருவர் ஸ்வெட்டரைக் கொண்டுவந்து, "இத வெட்டி நாய்க்குட்டிக்கு ஒரு மேல்சட்டை தைக்க முடியுமா?" என்றார். கத்தரியை எடுத்து அவர் மேல் வீசாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "கம்பளி பிரிஞ்சிடும் சார், வெட்டினா நிக்காது" என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

ஒவ்வொன்றையும் நானே செய்தேன். அவர் தோளைக் குறைத்தேன், அவர் காலை வெட்டினேன். அவர் முழங்கால் உரசி உரசிப் பளபளத்துப்போயிருந்த இடங்கள் என் கத்தரிக்குக் கீழே விழுந்தன. அவரை நானே துண்டு துண்டாக ஊருக்குப் பொருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரோ பத்திரிகைக்காரி வந்து, துக்கத்தைப் பகிர்ந்துகொள்வதைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டாள். "பொத்தான் வேணும்னா பகிர்ந்துக்கலாம், டப்பால நெறைய இருக்கு" என்றேன். அதையும் அழகாக எழுதிக்கொண்டு போனாள். கதவு திறக்கும்போதெல்லாம் சாம்பல் நிறம் தெரிகிறதா என்று பார்ப்பேன். இல்லை. கண்காட்சி முடிந்து, சுவரை மறுபடி வெள்ளையடித்துவிட்டார்கள் என்று சித்திரம் சொன்னாள். சாமான் ஒன்று பாக்கியில்லாமல் போய்விட்டதாம். அதைச் சந்தோஷமாகச் சொல்கிறாளா வருத்தமாகச் சொல்கிறாளா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

நான் நம்பிக்கையை விட்ட பிறகுதான் அவர்கள் வந்தார்கள். மத்தியான வேளை. ஒரு அம்மா கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு, பின்னால் வருகிறவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். என் வயதுதான் இருக்கும். பின்னால் வந்தவர் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் வாரக்கணக்காகத் தயார் செய்து வைத்திருந்த வசனம் ஒன்று உண்டு. இது என் வீட்டுக்காரர் கோட்டுங்க, தெரியாம போயிடுச்சு, வேற எது வேணும்னாலும் தைச்சுத் தர்றேன், இத மட்டும் குடுத்துடுங்க. வாயைத் திறந்தும் விட்டேன். அப்போது அவர் கண்ணாடி முன்னால் போய் நின்றார். கோட்டு அவர் தோளிலிருந்து தொங்கியது.

"கொஞ்சம் பிடிச்சுக் குடுக்கணும்க்கா" என்றாள் அந்தம்மா. "எடுத்தப்ப கச்சிதமா இருந்துச்சு. இவருக்குன்னே தைச்ச மாதிரி. இப்பத்தான் தொளதொளன்னு ஆயிடுச்சு."

பத்தாமல் போகும், பிரித்து விடச் சொல்வார்கள் என்று எல்லாக் கணக்கும் போட்ட எனக்கு, அந்த அளவில் இன்னொரு மனிதர் இந்த ஊரில் இருப்பார் என்று தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரேயே கடைச் சீட்டை வைத்துவிட்டு அதைக்கூட யோசிக்காமல் இருந்திருக்கிறேன்.

"ஆஸ்பத்திரிக்கு எதிர்ல கண்காட்சி நடந்துச்சே, அங்க எடுத்தது. டாக்டர் கூப்பிட நேரமாகும்னாங்க, சும்மா உள்ள போனோம். இவருக்கு அதெல்லாம் ரொம்பப் புடிச்சுப்போச்சு. மறுபடி போனப்ப சுவத்துல உங்க கடை விலாசம் இருந்துச்சு. அடுத்த மாசம் புதுசா ஒண்ணு வருதாம். இந்தக் கோட்டப் போட்டுட்டுத்தான் போவேங்கறாரு."

"வேற எங்க போடறது?" என்றார் அவர். மெல்லிய குரல். அதில் கொஞ்சம் கேலியும் இருந்தது.

டேப்பை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். கோட்டின் மேல் கை வைத்தேன். தோள், முதுகு, விலா. துணிக்குள் இருந்த எலும்பு வேறு ஆளுடையது. கைக்கு அது தெரிந்தது. ஆனாலும் கையை எடுக்க மனசு வரவில்லை. விலாப்பக்கம் அந்தத் தடிப்பு அப்படியே இருந்தது. குண்டூசி குத்தி அளவு வைத்தேன்.

"வெட்டிடாதீங்கக்கா" என்றாள் அந்தம்மா. "உள்ள மடிச்சு வச்சே தைச்சுடுங்க. உடம்பு தேறினா பிரிச்சு விட்டுக்கலாம்."

வாயிலிருந்த குண்டூசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். சரி என்று தலையாட்டினேன். அவர் போட்டபடியே முன்பக்கத்தை விரித்து, லைனிங்கைக் கொஞ்சம் பிரித்து உள்ளே இடம் இருக்கிறதா என்று பார்த்தபோது அவளும் எட்டிப் பார்த்தாள்.

"அட, ஏற்கெனவே யாரோ பிடிச்சிருக்காங்க. அவங்களும் வெட்டல பாருங்களேன்! ரெண்டு மடிப்பு இருக்கு." அவள் முகம் விரிந்தது. புருஷனின் கையைத் தட்டிச் சொன்னாள்: "பாருங்க, இதப் போட்டிருந்தவருக்கும் உங்கள மாதிரிதான் உடம்பு முடியாம இருந்திருக்கு. அப்புறம் தேறி, நல்லாச் சதை போட்டுட்டாரு போல. இது பத்தல. அதான் கொண்டுவந்து வச்சுட்டாங்க. அப்படித்தானே இருக்கும்க்கா?"

கோட்டைக் கேட்க வேண்டுமானால் அவர் செத்துப்போனதைச் சொல்லியாக வேண்டும். ஒன்றைச் சொல்லாமல் மற்றதைக் கேட்க வழியே இல்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி யாராவது எனக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று நான் எத்தனை பேர் வாயைப் பார்த்திருக்கிறேன்!

"ஆமா" என்றேன். "தேறிட்டாரு."

"உங்களுக்கு அவரத் தெரியுமா?"

"நம்ம கடைக்குத்தான் வருவாரு. இப்ப இது அவருக்குப் பத்தாது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொன்னேன்ல, சொன்னேன்ல" என்று அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஏமாற்ற முடியவில்லை. இருந்தாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கோட்டைக் கழற்றி என் கையில் கொடுக்கும்போது, "அவரப் பாத்தா நான் விசாரிச்சேன்னு சொல்லுங்கம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். போன் நம்பர் கேட்டதற்கு, "ஆஸ்பத்திரியிலதானேக்கா இருப்போம், நாங்களே வந்துடறோம்" என்று சொல்லிவிட்டு அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். அன்று வேறு வேலை எதையும் தொடவில்லை. என் இரண்டு மடிப்புகளுக்கு மேல் மூன்றாவது மடிப்பை வைத்துக் கையாலேயே தைத்தேன், குத்தாமல் இருக்க உள்ளே மெல்லிய துணியும் கொடுத்தேன். அவ்வளவு நன்றாக நான் என் புருஷனுக்குக்கூடத் தைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவர்கள் வரவில்லை. ஆஸ்பத்திரி என்றால் அப்படித்தான், நாள் தள்ளிப்போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வெள்ளியும் போயிற்று. கம்பியில் மற்ற துணிகள் வருவதும் போவதுமாக இருந்தன. கோட்டு மட்டும் அங்கேயே தொங்கியது. நான் எந்தக் கோட்டுக்காக ஊர் முழுக்கக் கண்ணி வைத்தேனோ அது என் தலைக்கு மேலேயே இருக்கிறது. வந்து வாங்கிக்கொண்டு போங்களேன் என்று கதவைப் பார்த்துக் கும்பிடாத குறை.

புதுக் கண்காட்சி தொடங்கியது. சனிக்கிழமை மத்தியானம் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு போனேன். சுவர் முழுக்கக் கறுப்பு வட்டங்கள், பெரிதும் சின்னதுமாக. நான் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றேன். உள்ளே வருகிறவர்கள் எல்லாம் சதைப்பிடிப்போடு, அவரவர் உடம்புக்குச் சரியான உடுப்போடு வந்தார்கள். யாரோ ஒருவர், "என்னமா யோசிச்சிருக்காங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் இல்லை.

காவலாளி என் கையைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார். "அட, கோட்டு கிடைச்சுடுச்சா! நல்லதாப் போச்சும்மா."

"அத எடுத்துட்டுப் போன அம்மாவ அப்புறம் எப்பவாவது பாத்தீங்களா?"

அவர் யோசித்தார். "அவங்களா? போன வாரம் எதிர்ல ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுட்டிருந்தாங்க. கையில ஒரு பை, அது நெறையத் துணி. வர்ற ஆட்டோவையெல்லாம் ஏறாம அனுப்பிட்டே இருந்தாங்க."

"கூட யாரும் இல்லையா?"

"இல்லம்மா. தனியாத்தான்."

அவர் கோட்டின் காலரை விரலால் ஒரு தடவை நீவிவிட்டு, "உங்களதுதானே. எடுத்துக்குங்க" என்றார்.

கோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிவந்தேன். எனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. கொடுக்க வேண்டிய துணிகளோடு கம்பியில் மறுபடி மாட்டியிருக்கிறேன். கதவு திறந்தால் இப்போதும் தலை தானாக நிமிர்கிறது.